இல்லாத பதிவுக்கு ஒரு ரசீது

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தைச் சுற்றி பேக்கரி, செல்போன் கடை, லாட்ஜ், டிராவல்ஸ் என்று எதன் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும், பெயர்ப் பலகையின் ஓரத்தில் ஒரு 15 இலக்க எண் தெரியும். 33 என்று தொடங்கும். அது தமிழ்நாட்டுக்கான குறியீடு. அடுத்து வரும் பத்து எழுத்துகள் கடைக்காரரின் பான் எண். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் இந்த எண்ணை வாசலில் எழுதி வைத்தாக வேண்டும் என்பது விதி. அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமையாளர் பெயர், கடை முகவரி, பதிவு செய்த தேதி, எந்த வரி அலுவலகத்தின் எல்லை, கடைசியாக எந்த மாதத்துக்குக் கணக்குத் தாக்கல் ஆகியிருக்கிறது என்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கடவுச்சொல் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. சரக்கு விற்கிறவர் நிஜமான வியாபாரிதானா என்று வாங்குகிறவர் சரிபார்த்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு மிரட்டல் கடிதம் தயாரிக்கவும் இந்த விவரங்கள் போதும். உங்கள் பெயர், கதவு எண், பான் எண் மூன்றும் பிழையில்லாமல் அச்சாகி, மேலே சிங்க முத்திரை போல ஒன்றும், ‘இறுதி அறிவிப்பு’ என்று தடித்த எழுத்தும், பதினைந்து நாள் கெடுவும், கட்டத் தவறினால் என்ன தண்டனை என்ற பத்தியும், பணம் அனுப்ப ஒரு கியூ.ஆர். கட்டமும் இருந்தால், கல்லாவில் இருப்பவர் அதை அரசு தபால் என்றுதான் நினைப்பார். அடியில் பொடி எழுத்தில், இது ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம், அரசுடன் தொடர்பில்லை என்று ஒரு வரி இருக்கும். நாளைக்குப் போலீஸ் கேட்டால் காட்டுவதற்காக எழுதிய வரி அது. கடைக்காரர் படிப்பதற்காக எழுதியதல்ல.

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு ஒரு தாய்க் கதை உண்டு. அது நடந்த இடம் இங்கிலாந்து.

அங்கே 1998-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் விவரங்களைக் கணினியில் வைத்திருக்கும் நிறுவனங்கள் தகவல் ஆணையர் அலுவலகத்தில் பதிந்துகொண்டு ஆண்டுக்கு 35 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. ஊழியர் சம்பளம், கடைக் கணக்கு, சொந்த விளம்பரம் ஆகியவற்றுக்கு மட்டும் விவரங்களை வைத்திருக்கும் சிறு வணிகங்களில் பலவற்றுக்குப் பதிவே தேவையில்லை. சட்டம் இவ்வளவுதான். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில், அரசு அலுவலகம் போலத் தோன்றும் பெயர்களை வைத்துக்கொண்டு சில ‘ஏஜென்சி’கள் நாடு முழுவதும் சிறு கடைகளுக்குக் கடிதம் அனுப்பின. பதிவு செய்யாமலிருப்பது குற்றம், வழக்கு வரும், உடனே பணம் அனுப்புங்கள் என்றன. கேட்ட தொகை 95 பவுண்டு. சில கடிதங்களில் அதற்கும் மேல். விலக்குப் பெற்றவர்களுக்கும் அதே கடிதம்தான் போனது. தகவல் ஆணையர் அலுவலகம் திரும்பத் திரும்ப எச்சரித்தது. நியாய வணிக அலுவலகம் தலையிட்டது. ஒரு பெயரை மூடினால் இன்னொரு பெயரில் கடிதம் வந்தது. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வெம்ப்ளியிலும் மளிகைக் கடையும் பெட்ரோல் பங்க்கும் நடத்தும் ஈழத்தமிழர்களைப் போன்ற சிறு வணிகர்கள்தான் இத்தகைய கடிதங்களின் குறி. சட்டத்தை மதிக்க வேண்டும், வம்பு வேண்டாம், கேட்பதைக் கட்டிவிடுவோம் என்று நினைப்பவர்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அநியாயமாகிவிடும். இங்கிலாந்தில் அந்தப் பதிவு இன்றும் உண்டு. 2018-ல் மிகச் சிறு நிறுவனங்களுக்குக் கட்டணம் 40 பவுண்டாக இருந்தது, 2025 பிப்ரவரியில் 52 பவுண்டானது. அந்த அலுவலகமே நினைவூட்டுக் கடிதமும் அனுப்புகிறது. அதனால் அங்கே பொய்க் கடிதம் உண்மைக் கடிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது. நம் ஊரில் அப்படி ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஏனென்றால் நம் சட்டத்தில் கடைகளுக்கு அப்படி ஒரு பதிவே கிடையாது.

இந்தியாவின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது 2023 ஆகஸ்ட் 11-ல். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் தீர்ப்பளித்த பிறகு, ஆறு ஆண்டு இழுபறிக்குப் பின் வந்த சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பர் மத்தியில்தான் வெளியாயின. தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றிய பகுதி அப்போதே அமலுக்கு வந்துவிட்டது. மற்ற முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அதாவது 2027 மே. அபராதத் தொகைகளைக் கேட்டால் தலை சுற்றும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை.

அந்த 250 கோடியைத்தான் கடிதம் எழுதுகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள் என்பது என் கவலை. அந்த எண் உண்மை, சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றியுள்ள விவரங்களை யாரும் கடைக்காரருக்குச் சொல்வதில்லை. 250 கோடி என்பது உச்சவரம்பு. வாரியம் விசாரணை நடத்தி, எதிர்த்தரப்பைக் கேட்டு, தவறின் தன்மை, அளவு எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகே அபராதம் விதிக்க முடியும். அந்தப் பணமும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். யாரோ ஒருவரின் யு.பி.ஐ. எண்ணுக்குப் போகாது. இந்தச் சட்டத்தின் கீழ் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டியவர்கள், மக்கள் தங்கள் விவரங்களுக்குத் தரும் ஒப்புதலை நிர்வகிக்க உதவும் ‘ஒப்புதல் மேலாளர்கள்’ என்ற ஒரே வகையினர். குறைந்தது இரண்டு கோடி ரூபாய் நிகர மதிப்புள்ள இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி; அதற்கான ஏற்பாடு 2026 நவம்பரில்தான் தொடங்குகிறது. ஒத்தக்கடை ஜவுளிக்கடைக்கும் சர்வேயர் காலனி மெடிக்கல் ஸ்டோருக்கும் அதில் எந்த வேலையும் இல்லை. ‘தரவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ்’ என்று ஒன்றை யார் கொண்டுவந்து நீட்டினாலும், இந்த அரசு அப்படி ஒரு சான்றிதழை எந்தக் கடைக்கும் தருவதில்லை.

இன்னொன்று. இந்தச் சட்டம் மின்னணு வடிவத்தில் இருக்கும் விவரங்களுக்கும், பின்னால் கணினியில் ஏற்றப்படும் விவரங்களுக்கும் மட்டும்தான். பூ மார்க்கெட்டில் நிலக்கோட்டை மல்லியும் உசிலம்பட்டி கனகாம்பரமும் இறங்கும் அதிகாலையில், கமிஷன் கடைக்காரர் விவசாயியின் பெயரையும் எடையையும் பேரேட்டில் பேனாவால் எழுதுகிறாரே, அந்தப் பேரேடு பேரேடாகவே இருக்கும்வரை இந்தச் சட்டம் அதைத் தொடாது.

வரப்போகிற கடிதத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் கடிதங்கள்தான். உத்யம் பதிவு அதற்கு ஆகப் பெரிய உதாரணம்.

சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1-ல் தொடங்கியது. ஆதாரும் பான் எண்ணும் போதும், காகிதம் வேண்டாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது, ஒருமுறை பதிந்தால் புதுப்பிக்கவும் வேண்டாம். முதலில் உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்கு மட்டும் இருந்தது. 2021 ஜூலை 2-ல் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் சேர்த்தார்கள், வங்கிகளின் முன்னுரிமைக் கடன் கிடைக்கும் என்பதற்காக. அன்றைக்குத்தான் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டும் பழ மார்க்கெட்டும் இந்தப் பட்டியலுக்குள் வந்தன.

இப்போது நடப்பதைப் பாருங்கள். வங்கியில் கடன் கேட்டால் மேனேஜர் உத்யம் சான்றிதழ் கொண்டுவரச் சொல்கிறார். நாளைக்கே வேண்டும். கடைக்காரரின் மகன் செல்போனில் தேடுகிறான். விளம்பரமாக மேலே வரும் பக்கம் அசல் பக்கம் போலவே இருக்கிறது: மூவர்ணக் கோடு, அசோகச் சக்கரம், ஆதார் எண் கேட்கும் கட்டம், கீழே ‘பணம் செலுத்து’. ஆயிரம், இரண்டாயிரம், சில இடங்களில் அதற்கும் மேல். கட்டியதும் ஓ.டி.பி. கேட்டு ஒரு அழைப்பு வருகிறது. அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் அசல் தளத்துக்குப் போய் இலவசமாகப் பதிந்து, சான்றிதழை அனுப்பிவிடுகிறார். சான்றிதழ் அசலானது, அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அடுத்த வருடம் அதே ஆள் ‘உங்க உத்யம் காலாவதி ஆயிருச்சு சார், ரினியூவல் பண்ணணும்’ என்று கூப்பிடுகிறார். காலாவதியே இல்லாத ஒன்றுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் போகிறது. கூடவே ஆதார் எண்ணும் பான் எண்ணும் பெயர் தெரியாத ஒரு கணினியில் தங்கிவிடுகின்றன.

தங்கள் இணையதளத்தையும் அரசின் ஒற்றைச்சாளர அமைப்புகளையும் தவிர வேறு எந்தத் தனியாருக்கும் இந்தப் பதிவைச் செய்ய அதிகாரம் இல்லை என்று மத்திய அமைச்சகம் தன் தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில். அசல் தளத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் அந்த எச்சரிக்கையைப் படிக்க முடியும். வந்து சேராதவர்களுக்குத்தானே அது தேவை?

டிரேட்மார்க் விஷயத்திலும் இதே கதை. கடைப் பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தால் பெயரும் முகவரியும் அரசின் இதழில் வெளியாகும். அதைப் பார்த்து, ‘சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்க’ என்று டாலர் கணக்கில் பில் அனுப்பும் நிறுவனங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஐ.நா.வின் உலக அறிவுசார் சொத்து அமைப்பு இதற்கென்றே எச்சரிக்கைப் பக்கம் ஒன்றை வைத்திருக்கிறது. ஜி.எஸ்.டி. பெயரிலும் போலிச் சம்மன்கள் வருகின்றன. அசலை அறிய ஒரு வழி இருக்கிறது: மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2019 நவம்பர் 8 முதல் தன் அதிகாரிகள் அனுப்பும் கடிதங்களில் ஓர் அடையாள எண் இருக்க வேண்டும் என்று ஆக்கியது. ஜி.எஸ்.டி. தளம் வழியாக வரும் நோட்டீஸ் என்றால் அதற்கும் ஒரு குறிப்பு எண் உண்டு. இரண்டையும் அரசு தளத்திலேயே சரிபார்க்கலாம். நல்ல முறை. மாட்டுத்தாவணியில் எத்தனை கடைகளில் இது தெரியும் என்று கேட்டுப் பார்த்தால் மனம் கனக்கும்.

வியாபாரி ஏமாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு கூடை மல்லியைக் கையில் அள்ளிப் பார்த்தே எந்த ஊர்ப் பூ, எத்தனை மணிக்குப் பறித்தது என்று சொல்லிவிடுகிற ஆட்கள் இவர்கள். அவர்களை வீழ்த்துவது உண்மையான காகிதங்களின் எண்ணிக்கை. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வைக்க வேண்டும்; அது தொழிலாளர் துறை. மாநகராட்சிக்குத் தொழில் உரிமம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி. டீக்கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. 2011-ன் ஒழுங்குமுறை சிறு கடைகளுக்கு அதற்கு வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான், ஆனால் இடையில் நிற்பவர்கள் வாங்குவது அதைப்போல் பல மடங்கு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் கடைகள் நிறுவனச் சட்டப் பதிவு வேறு. இத்தனைக்கும் நடுவில் இன்னொரு பெயரில் இன்னொரு காகிதம் வந்தால், அது இல்லாத சட்டம் என்று எப்படித் தெரியும்?

தெரியாவிட்டால் ஆடிட்டரிடம் கேட்கலாம் என்பார்கள். நம் பக்கம் ஆடிட்டர் என்று சொல்வது பெரும்பாலும் மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்கு ஏற்றித் தருகிற ஆளைத்தான். அவர் நூறு கடைகளைப் பார்க்கிறார். ஒவ்வொரு தபாலுக்கும் அவரைக் கூப்பிடக் கடைக்காரருக்குக் கூச்சம். கேட்ட தொகையும் யோசித்து வைத்த தொகை. இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் ஒருநாள் வியாபாரத்தோடு போகிறது, கட்டித் தொலைப்போம் என்று தோன்றும். ஐம்பதாயிரம் கேட்டிருந்தால் பத்துப் பேரிடம் விசாரித்திருப்பார். பொய்க் கடிதத்தின் சாமர்த்தியம் முழுவதும் அந்தத் தொகையில்தான் இருக்கிறது.

உண்மையான தரவுப் பாதுகாப்பு என்ன கேட்கிறது என்பதும் இந்தக் கூச்சலில் காணாமல் போகிறது. எனக்கு அதிக வருத்தம் அதில்தான். பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் ராத்திரி ஒரு மணிக்கு வந்து அறை கேட்கும் குடும்பத்தின் ஆதாரை, வரவேற்பு மேசைப் பையன் தன் சொந்த செல்போனில் படமெடுக்கிறான். அந்தப் படம் அவன் வேலையை விட்டுப் போகும்போது அவனோடு போகிறது. டிராவல்ஸ் ஆபீஸின் பயணிகள் பட்டியலில் பெண்களின் கைப்பேசி எண்கள் யார் கண்ணிலும் படும்படி இருக்கின்றன. சட்டம் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தத்தான் வந்திருக்கிறது: தேவையான விவரத்தை மட்டும் வாங்கு, எதற்கென்று சொல், பூட்டி வை, வேலை முடிந்ததும் அழி, கசிந்துவிட்டால் சம்பந்தப்பட்டவருக்கும் வாரியத்துக்கும் தெரிவி. அந்தப் பையனின் செல்போனில் எடுப்பதை நிறுத்தி லாட்ஜுக்கென்று ஒரு கருவி வைப்பதற்குச் சான்றிதழ் வேண்டாம். ஒரு ஏஜென்சிக்கு மூவாயிரம் கட்டிச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று முதலாளி நினைத்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் ஆதார் அதே செல்போனில்தான் கிடக்கும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு உண்டு. வாடிக்கையாளரிடம் விவரம் கேட்கும் நிறுவனம், அதற்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஏதேனும் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழும் அதில் அடக்கம். லாட்ஜ் முதலாளி தன் வாடிக்கையாளருக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற அரசு, அந்த முதலாளிக்கும் தமிழில்தானே சொல்ல வேண்டும்? 2027 மே வருவதற்குள் ஒரு பக்கம் போதும். யார் யார் பதிவு செய்ய வேண்டும், யார் வேண்டாம், யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை, என்னென்ன செய்தால் போதும். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் தேதியை நினைவூட்டி ஒவ்வொரு கடைக்காரரின் கைப்பேசிக்கும் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த அரசுக்கு, இந்த நான்கு வரியை அனுப்புவது பெரிய காரியமில்லை. நூறாண்டு கண்ட தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் மதுரையில்தான் இருக்கிறது. சிறுதொழில்களுக்கு மடீட்சியா சங்கம் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட் சங்கங்களின் அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் எச்சரிக்கை வந்தபோது கடிதங்கள் பல கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. நமக்கு முன்கூட்டியே சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது.

பணம் கட்டியவர்களுக்கு: வெட்கப்பட்டுக்கொண்டு கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உறையோடு வைத்துக்கொள்ளுங்கள், தபால் முத்திரையும் அனுப்பியவர் முகவரியும் அதில்தான் இருக்கும். பணம் இணைய வழியில் போயிருந்தால் அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. அரசு ஊழியர் போலப் பேசி வாங்கியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 204, 318 ஆகிய பிரிவுகளில் அது குற்றம். சிங்க முத்திரையைத் தனியார் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் தடை செய்கிறது. புகாரில் அதையும் எழுதுங்கள்.

அடியில் பொடி எழுத்தில் ‘தனியார்’ என்று போட்டுத் தப்பிக்கும் கடிதங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வியாபாரி நுகர்வோர் ஆகமாட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டாயிரம் ரூபாய்க்காக அங்கே போவதா என்று ஒருவர் தயங்கலாம். ஒரே நிறுவனத்துக்குப் பணம் கட்டிய இருபது கடைக்காரர்கள் சங்கத்தின் மூலம் ஒன்றாகப் போனால் அந்தத் தயக்கத்துக்கு வேலையில்லை. ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து வழக்குப் போடவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.